தொட்டாற்சிணுங்கி மனசும் துக்க வீட்டு அடுப்பும்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறேன்.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, வைப்புநிதி வட்டி, நாமினி, ஆயுள் சான்று என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் வேறு எதைப் பேசுவான்? ஆனால் இன்று மனசைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சின்ன விஷயத்துக்கும் அதிகமாகக் கலங்குகிற மனசு சிலருக்கு இருக்கிறது. அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு சாவு நடந்துவிட்டால் அவர் எப்படி எழுந்திருப்பது, பக்கத்து வீட்டுக்காரர்களான நாம் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். வங்கி விஷயமும் கடைசியில் கொஞ்சம் வரும்.

என் மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. உங்களில் பலர் அன்று வந்து நின்றீர்கள். ஆகவே இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் பேசவில்லை.

முதலில் அந்த மனசைப் பற்றி. நம் ஊரில் அதற்கு ஒரு பெயர் உண்டு: தொட்டாற்சிணுங்கி. கிண்டலாகத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேறு பையனை அடித்தால் இவன் கண்ணில் தண்ணீர் வரும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் மைக்கும் ஐம்பது பேர் பேச்சும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும். யாராவது ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னால் ராத்திரி ஒரு மணிக்கும் அதே வார்த்தை காதில் ஓடும். நான் அந்த வகை. வங்கியில் நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் ஆயுள் சான்று கொடுக்க வருவார்கள். வருடா வருடம் கைத்தடியோடு வருகிற ஒருவர் ஒரு நவம்பரில் வரவில்லை என்றால், அந்த இடம் காலியாக இருப்பது என் கண்ணில் உடனே படும். இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா கவுண்டருக்கு வந்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். சக ஊழியர்கள், "சார், நீங்க இந்த சீட்டுக்கு லாயக்கில்லை" என்று சிரிப்பார்கள்.

இதற்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். எலைன் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் இப்படிப்பட்டவர்களை 'ஹைலி சென்சிட்டிவ் பெர்சன்' என்று குறிப்பிட்டார். 100 பேரில் 15 முதல் 20 பேர் வரை இந்த வகை என்பது அவர் கணிப்பு. நான்கு அடையாளங்கள் சொல்கிறார். எதையும் ஆழமாக அசைபோடுவது ஒன்று. சத்தம், வெளிச்சம், கூட்டம் சீக்கிரம் தாங்க முடியாமல் போவது இரண்டு. தன் உணர்ச்சியும் பிறர் உணர்ச்சியும் பலமாகத் தாக்குவது மூன்று. மற்றவர் கவனிக்காத சின்ன மாற்றங்களைக் கவனிப்பது நான்கு.

முக்கியமாக ஒன்று: இது நோய் அல்ல. பிறவிச் சுபாவம். ஒருவர் உயரமாக இருக்கிறார், ஒருவர் குட்டையாக இருக்கிறார் என்பது போல.

தொட்டாற்சிணுங்கிச் செடியைச் சின்ன வயதில் தொட்டு விளையாடியிருப்பீர்கள். தொட்டால் இலைக்காம்பின் அடியில் இருக்கும் செல்களிலிருந்து தண்ணீர் நகர்ந்து, இலை மடங்கிவிடும். கொஞ்ச நேரம் விட்டால் தானே விரியும். சீக்கிரம் விரியட்டும் என்று நாம் விரலால் பிரித்தால் இலை கிழியும். துக்கத்தில் இருக்கிற இளகிய மனசுக்கும் இதே கதைதான். "இன்னுமா அழறீங்க?", "மனசை கல்லாக்கிக்கோங்க" என்று நாம் சொல்வது அந்த விரலால் பிரிக்கிற வேலை.

சரி, கல்லாக்காமல் என்ன செய்வது? இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே இரண்டு பேருடைய வாழ்க்கை இருக்கிறது. ஒருவரை எல்லாருக்கும் தெரியும். மற்றவரைச் சிலருக்குத்தான் தெரியும்.

தெரிந்தவர் வள்ளலார். 1823-ல் சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். குடும்பம் சென்னைக்கு வந்தது. அவர் வளர்ந்தது நம் சென்னை ஏழுகிணறு பகுதியில். திருவருட்பாவில் 'பிள்ளைப் பெரு விண்ணப்பம்' என்று ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. ஒரு பிள்ளை அப்பாவிடம் முறையிடுவது போல இறைவனிடம் முறையிடுகிறார். எதையெல்லாம் பார்த்து, எதையெல்லாம் கேட்டுத் தன் மனசு நடுங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பறவைகளின் கடுமையான குரல் கேட்டுக்கூட கலங்கியிருக்கிறார். பசித்தவர்களைப் பார்த்து, நோயாளிகளைப் பார்த்து, பிறர் படும் துன்பத்தைப் பார்த்து உடம்பு நடுங்கியிருக்கிறார். எலைன் ஆரனுடைய நான்கு அடையாளங்களையும் எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒன்றுகூட விட்டுப்போகாது.

அவர் அந்த மனசை வைத்துக்கொண்டு என்ன செய்தார்? 1867 மே 23-ம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசி என்று வருகிற யாருக்கும் சாதி மதம் கேட்காமல் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பஸ் ஏறிப் போனால் நீங்களே பார்க்கலாம். பிறர் பசியைப் பார்த்து நடுங்கின மனசு மாறவே இல்லை. அந்த நடுக்கத்துக்கு ஓர் அடுப்பு கிடைத்தது, அவ்வளவுதான்.

"அவர் மகான், நம்மால் ஆகுமா?" என்று கேட்பீர்கள். அதனால்தான் இரண்டாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு சாதாரண குடும்பப் பெண். பெயர் எச்சம்மாள். இயற்பெயர் லட்சுமி அம்மாள். திருவண்ணாமலைப் பக்கம் மண்டகொளத்தூர்க்காரர்.

அந்த அம்மாளுக்கு 25 வயது ஆவதற்குள் கணவர் இறந்தார். பிறகு ஒரே மகன் இறந்தான். பிறகு ஒரே மகளும் இறந்தாள். நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ்நாட்டில், குழந்தையும் இல்லாத இளம் விதவை என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தோஷமாக இருந்த அதே ஊர், அதே வீடு, அதே மனிதர்கள் எல்லாமே அவருக்குத் தாங்க முடியாததாகிவிட்டது. கோகர்ணம் வரை போய் அங்கே சாதுக்களுக்குச் சேவை செய்து பார்த்தார். துக்கம் கூடவே போய், கூடவே திரும்பி வந்தது.

1906, 1907 வாக்கில் யாரோ சொன்னார்கள், திருவண்ணாமலையில் ஓர் இளம் சாமியார் இருக்கிறார், பேசமாட்டார், பார்த்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று. அந்த இளம் சாமியார்தான் பிற்பாடு ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். அப்போது மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். வயது 27 கூட இருக்காது.

எச்சம்மாளுக்குத் திருவண்ணாமலையில் உறவுக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு அவர் போகவில்லை. தெரிந்த முகங்களைப் பார்த்தால் பழைய ஞாபகம் கிளம்பும் என்று தவிர்த்தார். இந்த ஓர் இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாளை நன்றாகத் தெரிந்த மாதிரி இருந்தது. மனைவி போன பிறகு நானும் ஆறு மாதம் தி.நகர் ரங்கநாதன் தெருப் பக்கம் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன். உண்மைக் காரணம், தீபாவளிக்கு முன்னால் அவளோடு நடந்த தெரு அது.

ஒரு தோழியோடு எச்சம்மாள் மலை ஏறினார். சாமி முன்னால் நின்றார். தன் கதை எதையும் சொல்லவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றார். இறங்கி வரும்போது பாரம் குறைந்திருந்தது.

நான் இங்கே யாருக்கும் பக்தி பிரசாரம் செய்ய வரவில்லை. அது அருள் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களும் இந்த அளவுக்கு ஒத்துக்கொள்ளலாம்: அறிவுரை சொல்லாத ஒருவர் முன்னால், காரணம் கேட்காத ஒருவர் முன்னால் ஒரு மணி நேரம் இருக்கக் கிடைத்தது. இளகிய மனசுக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது. சாவு வீட்டில் நமக்கெல்லாம் எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற அவசரம் வந்துவிடுகிறது. "விதி", "நல்ல சாவு", "கஷ்டப்படாமல் போனாங்க", "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களே" என்று வரிசையாகச் சொல்கிறோம். நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் கேட்கிறவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்கு வந்தவர்களில் இன்றும் ஞாபகத்தில் இருப்பவர், மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்து, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, "நாளைக்கு வரேன்" என்று மட்டும் சொல்லிப் போன பெரியவர். சொன்னபடி மறுநாளும் வந்தார்.

எச்சம்மாள் கதை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடவில்லை. எனக்கு முக்கியமாகத் தெரிவது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவர் திருவண்ணாமலையிலேயே தங்கினார். தினமும் வீட்டில் சமைத்து, அந்தச் சோற்றை மலைக்கு எடுத்துப் போய், சாமிக்கும் கூட இருப்பவர்களுக்கும் பரிமாறிவிட்டுத்தான் தான் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டார். 1945-ல் காலமாகும் வரை கிட்டத்தட்ட 38 வருடம் அந்தப் பழக்கம் நடந்தது.

யோசித்துப் பாருங்கள். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்த கை அது. அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போனதுதான் துக்கத்தில் பாதி. எங்கள் வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. பணம் வந்துவிட்டது, ஆனால் எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியவில்லை என்றால் அதை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'டில் போட்டு வைப்போம். அப்படியே விட்டால் ஆடிட்டர் கேட்பார், இது ஏன் இங்கே கிடக்கிறது என்று. போனவர் மேல் நமக்கு இருந்த பாசம் அந்த மாதிரி. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் கிடக்கும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க எச்சம்மாளுக்கு ஒரு கணக்கு கிடைத்தது. தினம் ஒரு வேளைச் சோறு.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். எச்சம்மாள் பிற்பாடு செல்லம்மாள் என்ற பெண்ணை எடுத்து வளர்த்தார். கல்யாணம் செய்து வைத்தார். அந்தப் பெண் தன் மகனுக்கு ரமணன் என்று பெயர் வைத்தாள். ஒருநாள் தந்தி வந்தது. செல்லம்மாள் இறந்துவிட்டாள். எச்சம்மாள் அந்தத் தந்தியை எடுத்துக்கொண்டு போய் மகரிஷியிடம் கொடுத்தார். அதைப் படித்தபோது மகரிஷி அழுதார். காரியம் முடிந்து, அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தபோதும் அவர் கண்ணில் தண்ணீர்.

உலகமே ஞானி என்று சொல்கிற ஒருவர் அழுதிருக்கிறார். "இதெல்லாம் மாயை, அழாதே" என்று அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. அப்படியிருக்க, நம் வீட்டுக்காரர் மூன்று மாதம் கழித்து அழுதால் "இன்னும் தெளியலையா?" என்று கேட்க நாம் யார்? அதுவும் ஆண்பிள்ளை அழுதால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூச்சமாகிவிடுகிறது. பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். இங்கே இருக்கும் ஆண்களுக்குச் சொல்கிறேன். அழுங்கள். ஆன்மிகம் என்பது கண்ணீர் வற்றிப்போவது என்று யாராவது சொன்னால், திருவண்ணாமலைத் தந்தியை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இழப்பைப் பெரிய காரியமாக மாற்றியவர்களும் நம் ஊரில் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையை முத்துலட்சுமி அம்மையார் மறக்கவில்லை. பல வருடம் கழித்து, 1952-ல் அடிக்கல் நாட்டி, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. தொடங்கும்போது 12 படுக்கைகள். இன்று நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் துக்கத்தில் இருக்கிற ஒருவரிடம், "நீங்களும் இப்படி ஏதாவது பெரிசா செய்யுங்க" என்று சொன்னால் அவர் இன்னும் ஒடுங்கிப்போவார். ஒரு வேளைச் சோறு போதும். இளகிய மனசுக்குச் சின்ன அளவு, தினமும் ஒரே நேரம், ஒரே வேலை என்பதுதான் ஒத்துவரும்.

நம் பழைய வழக்கங்களில் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். உறவும் அண்டை வீடும் சோறு கொண்டுவரும். நம் குடியிருப்பில் உள்ள இஸ்லாமிய அன்பர்கள் வீடுகளிலும் துக்கம் நடந்த வீட்டுக்குப் பக்கத்தவர்கள் சமைத்துக் கொடுப்பதைக் கடமையாகவே வைத்திருக்கிறார்கள். முதல் சில நாள் அடுத்தவர் அடுப்பு நம்மைத் தாங்கும். பிறகு காரியம், திதி, அமாவாசை என்று நம் கைக்கு வேலை வரும். கிறிஸ்தவ அன்பர்கள் நவம்பர் 2-ம் தேதி கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். எள்ளும் தண்ணீரும் இறைப்பதில் நம்பிக்கை இருக்கிறதா என்று என் மகன் கேட்டான். "கைக்கு வேலை இருக்கிறதில் நம்பிக்கை இருக்கிறது" என்றேன்.

அடுக்குமாடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 13-ம் நாளோ 16-ம் நாளோ காரியம் முடிந்ததும் வாசலில் செருப்புகள் குறைந்துவிடும். கதவைச் சாத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உண்மையான துக்கம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். 17-ம் நாள் காலையில் பால் பாக்கெட் இரண்டு வரும், குடிக்க ஒரு ஆள்தான் இருப்பார்.

நம் ஏரியாவுக்கு இது புதிதல்ல. 2015 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? அடையாற்றில் வெள்ளம் வந்து ஈக்காட்டுத்தாங்கலிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கல்யாண ஆல்பம் போனது, அப்பா அம்மாவின் ஒரே போட்டோ போனது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. ராத்திரியில் கனமழை பெய்தால் இன்றைக்கும் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த வாரம் மாடி வீடுகளில் எத்தனை பேருக்குச் சேர்த்துச் சமைத்தோம் என்பதும் ஞாபகம் இருக்கும். அந்தச் சமையலில்தான் பலருக்கு மனசு நிதானத்துக்கு வந்தது.

ஆகவே சில யோசனைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, சத்தம். இளகிய மனசுக்குத் துக்க காலத்தில் காது இரட்டிப்பாகக் கேட்கும். 2000-ம் வருட ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. நூறடி ரோடும் மெட்ரோவும் பக்கத்தில் இருக்கும்போது அது நடக்கிற காரியமா என்று சிரிக்காதீர்கள். வெளிச் சத்தத்தை நாம் நிறுத்த முடியாது. உள்ளே இருக்கிற டிரில்லிங் மெஷினை நிறுத்தலாம். ஒரு பிளாக்கில் இறப்பு நடந்தால், காரியம் முடியும் வரை அந்த பிளாக்கில் உடைப்பு, துளைப்பு வேலைகளைத் தள்ளிவைப்போம் என்று ஒரு தீர்மானம் போடுங்கள்.

இரண்டாவது, 17-ம் நாளுக்குப் பிறகு சாப்பாடு. தினமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், மாடி வாரியாக முறை வைத்து, இரண்டு மாதம் கொடுப்போம். டப்பாவைக் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கீங்க?" என்று வாசலில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். உள்ளே கூப்பிட்டால் உட்காருங்கள். கூப்பிடாவிட்டால் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சின்ன வேலை. ஆறேழு வாரம் கழித்து, அவரால் முடிந்தால் மட்டும். செடிகளுக்குத் தண்ணீர், நூலக அலமாரி, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு. "நேரம் போகும்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். "இதை நீங்க பார்த்துக்கிட்டா எங்களுக்கு உதவியா இருக்கும்" என்று கேளுங்கள். அந்த வித்தியாசம் இளகிய மனசுக்குச் சட்டென்று புரியும்.

நான்காவது, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். எல்லாத் துக்கமும் சோற்றாலும் மௌனத்தாலும் தீர்ந்துவிடாது. மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வருகிறது என்றால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். நீண்டு நிற்கிற இப்படிப்பட்ட துக்கத்தை இப்போது மருத்துவ உலகமே தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஆறு மாதத்துக்கு மேல் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியல் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்றும் கணக்கு வைக்கிறது. அதற்கு முன்னால் போகக்கூடாது என்று அர்த்தமில்லை. சாகும் எண்ணம் பேச்சில் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் 'டெலி மானஸ்' இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும். சென்னையிலேயே டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. அழைப்பது வெட்கப்படுகிற விஷயம் அல்ல. சர்க்கரைக்கு மாத்திரை போடுவதில் வெட்கப்படுகிறோமா?

இப்போது வங்கி விஷயம். மனைவி போன பிறகு என் கைக்கு என்ன வேலை கிடைத்தது என்று சொல்லி முடிக்கிறேன்.

அவள் போன ஐந்தாவது மாதம், எதிர் பிளாக்கில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணவர் மாரடைப்பில் இறந்தார். அந்தப் பெண் பாஸ்புத்தகத்தைக் கொண்டுவந்து, "சார், இதுல எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்றார். பக்கங்களைப் புரட்டினேன். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தார்கள். அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுப் பிரீமியம். யார் சொல்லிச் சேர்ந்தாரோ, வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். இறப்புச் சான்றிதழ், நாமினி அடையாளம், படிவம் எல்லாவற்றையும் சேர்த்து, கூடவே போய்க் கொடுத்தேன். பணம் வந்தது. இரண்டு பிள்ளைகளுடைய படிப்பு நின்றுபோகவில்லை.

அந்தப் பெண் கவுண்டரில் கையெழுத்துப் போடும்போது வழக்கம்போல எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் இந்த முறை அடைத்த தொண்டைக்கு ஒரு உபயோகம் இருந்தது. மற்றவர்கள் கண்ணில் படாத அந்த 436 ரூபாய் என் கண்ணில் பட்டதே, அதுவும் இதே மனசின் குணம்தான்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 12 வரை சங்க அலுவலகத்தில் உட்கார்கிறேன். வாட்ச்மேன்கள், வீட்டு வேலை செய்பவர்கள், குடியிருப்பவர்கள் யாரும் வரலாம். குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால் பாஸ்புத்தகத்தைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். 436 ரூபாய் அல்லது 20 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா பார்ப்போம். 20 ரூபாய் என்றால் அது விபத்துக் காப்பீடு. உயிரோடு இருப்பவர்களும் வாருங்கள். உங்கள் எல்லாக் கணக்கிலும் நாமினி இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். படிவம் எதுவும் வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாலும் வரலாம். நான் எதுவும் கேட்கமாட்டேன். இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

என் துக்கம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அது இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.